பச்சைக் கட்டம் பொய் சொல்லவில்லை

போன வருடம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு கேமரா பழுதுபார்க்கும் கடைக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். என் கேமராவில் ஃபோகஸ் சரியாக விழவில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை. ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நடன வகுப்பில் சேர்த்தேன். கிள்ளானில் இல்லாத வகுப்பா என்று என் கணவர் கேட்டார். இருந்ததுதான். ஆனால் கல்லூரியில் படித்த நாட்களில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் தோழிகளோடு தங்கியிருந்தேன். வாரம் ஒருமுறை அந்தத் தெருக்களில் நடக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பதினோரு வருடம், ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் போனோம். அவள் சின்னவளாக இருந்தபோது கொமுட்டர் ரயிலில். என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வருவாள். இறங்கும் நிலையம் வந்ததும் நான் எழுப்பாமலே எழுந்துவிடுவாள். பிறகு காரில். வகுப்பு இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் கீழே காத்திருப்பேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அந்தக் காத்திருப்பைப் போக்கத்தான் இந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கினேன்.

கேமரா தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா தானே தூரத்தைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் ஒரு சின்னக் கட்டம் பச்சையாகும், 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். ஃபோகஸ் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு முழுதாக அழுத்தினால் படம். பூக்கட்டுபவரின் விரல்கள், மோனோரயில் தூணுக்குக் கீழே தூங்கும் பூனை, மழைக்கு ஒதுங்கி நிற்கும் தபால்காரர் என்று பார்த்ததையெல்லாம் எடுத்துப் பழகினேன். கடைசியாக, வகுப்பு முடிந்து படியிறங்கி வரும் என் மகள். எத்தனை பிள்ளைகள் கூட்டமாக இறங்கினாலும் பச்சைக் கட்டத்தை அவள் முகத்தில் வைத்துவிடுவேன். கேமராவைப் பார்த்ததும் முதலில் நாக்கை நீட்டுவாள். பிறகுதான் சிரிப்பாள். ஆறேழு வருடம் இதேதான்.

போன வருடம் அவளுக்குக் கடல் தாண்டிச் சரவாக்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு அவளுடைய நடனப் பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சி, பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில், மதியம் இரண்டு மணிக்கு. அங்கே அவள் ஆடும் கடைசி நிகழ்ச்சி அதுதான். நான் சும்மாவே கவலைப்படுகிறவள். அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு சரியாகக் கிடைக்குமா, விமானத்தில் தனியாகப் போவாளா, அங்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஆடுவதையாவது ஒழுங்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

இரண்டு மணி நேரத்தில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். எடுக்கும்போதே மனம் சரியில்லை. பச்சைக் கட்டம் வருகிறது, பீப் சத்தமும் வருகிறது. ஆனால் வியூஃபைண்டரில், அதாவது நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னலில், எல்லாம் ஆவி படிந்த மாதிரி தெரிந்தது. சட்டைத் துணியால் துடைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். மாறவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எடுத்த படங்களைக் கேமராவின் பின்திரையில் பார்க்க எனக்குப் படிக்கும் கண்ணாடி வேண்டும். அது எப்போதும் கைப்பையின் அடியில் கிடக்கும். வியூஃபைண்டருக்குள்ளேயும் படங்களைப் பார்க்கலாம்; அதன் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருகி நம் பார்வைக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டால் கண்ணாடியே தேவையில்லை. அதனால் பல வருடமாக எல்லாப் படத்தையும் வலது கண்ணை அங்கே வைத்துத்தான் பார்த்துவந்தேன். மங்கலான படங்களை உடனே அழிப்பதும் என் வழக்கம்.

நிகழ்ச்சி முடிந்து மகள் ஒப்பனை கலைக்கப் போயிருந்தாள். நான் காரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். எல்லாமே மங்கல். ஒன்றில்கூட அவள் கண் தெளிவாக இல்லை. வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டுப் பார்த்திருக்கலாம். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'காட்டுங்கம்மா' என்று கேட்கும்போது இதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேமரா கேட்டது. அழுத்திவிட்டேன்.

அவள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"எப்படிம்மா வந்திருக்கு?"

"கேமரா ரோசாக்கும்மா, கெட்டுப்போச்சு. ஒன்னுகூட சரியா விழல."

"பரவால்ல லா. ஃப்ரெண்டுங்க ஃபோன்ல எடுத்திருப்பாங்க. அதுக்கு ஏன் அழுவுறீங்க?"

"யாரு அழுவுறா?"

"ஏர்கான் சத்தத்துக்கு மேல மூக்க உறிஞ்சுறீங்க, கேக்காதா?"

அடுத்த இரண்டு வாரம் நான் வேலை முடிந்து வந்ததும் கேமராவும் கையுமாக இருந்தேன். அவள் போவதற்குள் சரிசெய்து, அவளை நல்லதாக நாலு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. இணையத்தில் காணொளி காணொளியாகப் பார்த்தேன். லென்ஸும் கேமராவும் தொட்டுக்கொள்ளும் செம்புப் புள்ளிகளைத் துடைத்தேன். முகத்தைத் தேடும் வசதியை நிறுத்தினேன். நகரும் பொருளுக்கான முறையை விட்டு, நிற்கும் பொருளுக்கான முறைக்கு மாற்றினேன். நடுவில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் வைத்தேன். எல்லா அமைப்பையும் அழித்து, கடையில் வாங்கிய நாளில் இருந்தபடி ஆக்கினேன். கூடத்துச் சுவரில் நாளிதழை ஒட்டி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, அதே பக்கத்தை நூற்றுக்கணக்கில் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பச்சைக் கட்டம், பீப். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருகினால் ஒரு நாள் தேவலாம் போல இருக்கும். மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

மகள் பெட்டி அடுக்கிக்கொண்டே கேலி செய்தாள்.

"பதினோரு வருசமா ஆடுன எனக்கு ஒரு படம் இல்ல. இந்தப் பேப்பருக்கு ஆல்பமே போட்டுட்டீங்க."

ஒரு தடவை அவளே பின்திரையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றாள்.

"சின்னத் திரையில எல்லாம் நல்லாத்தான் தெரியும். உனக்கு என்ன தெரியும் போ," என்று சொல்லிவிட்டேன்.

நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்திரையில் ஒன்றிரண்டு படத்தைப் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கேமரா நேரத்துக்கு ஒரு மாதிரி வேலை செய்கிறது, உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை, அவள் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, கடைக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தார். வேறு ஆள் இல்லை.

"வாங்கக்கா. என்னா கம்ப்ளெயின்?"

"ஃபோகஸ் லாக் ஆவுது தம்பி. ஆனா லாக் ஆவல."

"அது எப்படிக்கா? கல்யாணம் ஆயிருச்சு, ஆனா ஆவலன்னு சொல்ற மாதிரி இருக்கு."

நான் இரண்டு வாரமாகச் செய்ததை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சிட்டீங்க. எனக்கு என்னா வேல வெச்சீங்க?" என்றார். லென்ஸைக் கழற்றிப் பார்த்தார். வேறு லென்ஸ் மாட்டினார். கடை ஜன்னல் வழியாக எதிர்க்கடைப் பலகையை நாலைந்து படம் எடுத்தார். பிறகு கார்டை உருவிக் கணினியில் போட்டார். பெரிய திரையில் பலகையின் ஆணிகூடத் தெரிந்தது.

"இது நீங்க எடுத்தது தம்பி. நான் எடுத்ததப் பாருங்க."

அவர் கார்டில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். என் கூடத்துச் சுவர், என் நாளிதழ். கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்து வரைக்கும் படிக்க முடிந்தது.

"நீங்க எடுத்ததுதாங்கக்கா இது. இத விடத் தெளிவா எனக்கே வராது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் யோசனையோடு கேமராவை எடுத்துத் தன் கண்ணில் வைத்தார். உடனே முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யாருக்கா இந்தச் சக்கரத்த முட்டுற வரைக்கும் திருகி வெச்சது? எனக்கு இதுல ஒன்னுமே தெரியல."

"நான்தான். திருகுனா கொஞ்சம் தெளிஞ்சுச்சு. அப்புறம் திரும்பவும் மங்கிருச்சு."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சக்கரத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கேமராவை என்னிடம் கொடுத்தார்.

"இடது கண்ணால பாருங்க."

நான் இடது கண்ணால் அதில் பார்த்ததே கிடையாது. மூக்கு இடித்தது. ஆனால் எதிர்க்கடைப் பலகை பளிச்சென்று நின்றது.

"இப்ப வலது."

ஆவி. வெறும் ஆவி.

சுவரில் பெரிய எண்கள் போட்ட நாள்காட்டி ஒன்று தொங்கியது. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அதைப் பார்க்கச் சொன்னார். கட்டங்களின் கோடு நேராக இருக்கிறதா என்று கேட்டார். கோடுகள் ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு போல நடுவில் தொய்ந்து தெரிந்தன. தேதி இருந்த இடத்தில் ஒரு புகை.

"அப்படியே இருங்க, திரும்பாதீங்க. என் கை தெரியுதா?"

"எந்தக் கை?"

கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில், கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு நின்றார்.

"இனிப்புநீர் இருக்காக்கா?"

"ஒம்பது வருசமா. சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன்."

"கண்ணு செக் பண்ணீங்களா?"

கிளினிக்கில் கண் சோதனைக்கு இரண்டு முறை நாள் கொடுத்திருந்தார்கள். ஒன்று மகளின் தேர்வு நாளில் வந்தது. இன்னொன்று நடன ஒத்திகை நாளில். இரண்டையும் தள்ளிப்போட்டேன். அவள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் மேசை விளக்கை அணைத்தார்.

"நான் டாக்டர் இல்லக்கா. ஆனா கேமரா ரோசாக்னு வந்து, கண்ணு ரோசாக்கா இருந்த ஒரு ஆள முன்னாடியே பாத்திருக்கேன். கல்யாணத்துல படம் எடுக்குறவரு. அவருக்கு சக்கரத்த சரி பண்ணி குடுத்து அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வருசம் கழிச்சு கேமராவ விக்க வந்தாரு. மகன் கைய புடிச்சுக்கிட்டு வந்தாரு." நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எதுலக்கா வந்தீங்க?"

"காடியில."

"சாவிய குடுங்க."

அவர் அப்படிக் கை நீட்டியபோதுதான் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. பத்து நாளுக்கு முன்பு, கூட்டரசு நெடுஞ்சாலையில், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வலது தடத்துக்கு மாறினேன். திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிள் என் கதவை உரசி, பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, தடுமாறித் தடுமாறி நேரானது. எங்கிருந்து வந்து விழுகிறார்களோ என்று திட்டினேன். மகள் தயங்கித் தயங்கி, "அவரு ரொம்ப நேரமா பக்கத்துலதாம்மா வந்தாரு," என்றாள். அவள் அந்த ஆளுக்காகப் பேசுகிறாள் என்று அவள் மேலும் கோபப்பட்டேன். அந்த மோட்டார்காரர் விழுந்திருந்தால்? நான் பதறிப்போய் இடது பக்கம் வெட்டியிருந்தால்? இடது பக்கம் உட்கார்ந்திருந்தது என் மகள். கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாவியை அவர் கையில் வைத்தேன்.

அவர் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, கடையைச் சாத்தி, என் காரை அவரே ஓட்டி ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வழியில் எதையாவது பேசவேண்டும் என்று, அழித்துவிட்ட நானூறு படங்களைப் பற்றிச் சொன்னேன். அழித்த பிறகு அதே கார்டில் எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டார். நாளிதழ் கணக்கைச் சொன்னேன். "கார்டு எங்கிட்டயே இருக்கட்டும், இனிமே அதுல எதுவும் எடுக்காதீங்க. நான் பாக்குறேன்," என்று மட்டும் சொன்னார். பதிவு மேசையில் என்னை அக்கா என்றே சொல்லிவிட்டார். சொந்த அக்கா என்று எழுதிக்கொண்டார்கள். என் மகள் கொமுட்டர் பிடித்து ஓடி வரும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததும் கார் நிற்கும் இடத்தைச் சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தார். "அம்மா கேட்டாலும் குடுக்காதம்மா," என்றார்.

மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இனிப்புநீரால் வலது கண்ணின் விழித்திரை நடுவில் வீங்கியிருந்தது. போதாததற்கு ஓரத்தில் பிரியவும் தொடங்கியிருந்தது. வலது கண்ணில் பழைய பார்வை முழுதாக வராது, ஆனால் மீதியைக் காப்பாற்ற உடனே அறுவை செய்யவேண்டும் என்றார். அதைவிட அதிர்ச்சி, இடது கண்ணிலும் அது ஆரம்பித்திருந்தது. எனக்கு எந்த அறிகுறியும் தெரிந்திருக்கவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இரண்டு கண்ணும் ஒரே கதையாகியிருக்கும் என்றார். இடது கண்ணுக்கு அன்றைக்கே லேசர் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் அறுவை.

அந்த அறுவையில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைப்பார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்க, நோயாளி ஒரு வாரத்துக்கு மேல் குப்புறவே இருக்கவேண்டும். சாப்பிடும்போதும் குனிந்து, தூங்கும்போதும் குப்புற. என் மகள் கிளம்பும் நாள் அதற்குள் வந்துவிட்டது. நான் போகவில்லை, அடுத்த பருவத்தில் சேர்கிறேன் என்று அவள் அழுதாள். நானும் என் கணவரும் சேர்ந்து அவளைத் திட்டித்தான் பெட்டியை மூடவைத்தோம்.

இதற்கிடையில் கடைக்காரர் என் கணவரிடம் படங்களைக் கொடுத்து அனுப்பினார். நானூறில் இருபத்து மூன்றை மீட்டிருந்தார். மற்றவை இருந்த இடத்தில் என் நாளிதழ் உட்கார்ந்துவிட்டதாம். மீண்டவை எல்லாமே தெளிவான படங்கள் என்று கணவர் சொன்னார். கண் ஆறும்வரை எனக்குப் பார்க்க அனுமதி இல்லை.

அவள் புறப்பட்ட காலை நான் படுக்கையின் விளிம்பில் குப்புறக் கிடந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரைக் கற்கள் மட்டும். அவளுடைய கால்கள் வந்து நின்றன. புதுக் காலணி வாங்கியிருந்தாள். விமான நிலையத்துக்குப் போகக்கூட முடியாத தாய், பிள்ளை முகத்தையும் பார்க்காமல்தான் அனுப்பப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அழக்கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே என் முகத்துக்கு நேர்கீழே வந்து சேர்ந்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது."

"எந்தக் கண்ணுல?"

"நல்ல கண்ணுல."

"அப்ப நல்லா பாத்துக்குங்க. காடி வர்றதுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

அந்தப் பத்து நிமிடமும் நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன அம்மைத் தழும்பு. அவளை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவள் நான். அது இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவள் அப்பா கீழிருந்து கூப்பிட்டார். அவள் எழுந்து என் பின்தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது சட்டையின் முதுகெல்லாம் தூசியாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது என் இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கண்ணில் பாதிக்கும் குறைவுதான். மருத்துவர் சொன்ன நாள் எதையும் நான் தள்ளிப்போடுவதில்லை. ஆனாலும், கணவர் ஓட்டும் காரில் போகும்போது, நெடுஞ்சாலையில் வலது பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் முழுதாகத் திரும்பிப் பார்க்கிறேன். அந்தக் கடைக்காரர் என் கேமராவில் திருகிச் சரிசெய்தது ஒரே ஒரு சக்கரத்தை. அதற்கு மேல் அவர் செய்ததெல்லாம் என்னை அப்படியே அனுப்பிவைக்காமல் இருந்ததுதான். மகள் விடுமுறைக்கு வந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் நான் முதலில் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி அவளைப் பார்க்கிறேன். எனக்கு மங்கலாகத் தெரிந்ததை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லாமல் ஒரு கருவியையே குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைத்து, அவள் பொறுமையாக நின்று காட்டும் முகத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரச்சொல்கிறேன்.